ரேடியோப் பெட்டியும் ஸ்டெபிலைசர் பெட்டியும்

மேல தூக்கி வைக்கச் சொல்லாதீங்க அண்ணாச்சி, மடியிலேயே இருக்கட்டும். இடிக்குதா? இந்தா, கொஞ்சம் திருப்பி வச்சுக்கிடுதேன். மேல வச்சா இந்த பஸ்சு போடுத ஆட்டத்துக்கு, உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க் நமக்கு முன்னாலயே திருச்செந்தூர் முருகன்கிட்ட போயிச் சேந்துரும்.

டிபன் கேரியர் இல்ல அண்ணாச்சி. கம்ப்யூட்டரு. முழுக் கம்ப்யூட்டரு. சிரிக்காதீங்க, எல்லாரும் இப்பிடித்தான் சிரிக்காவ. பெரிய பெட்டியில கம்ப்யூட்டர் செய்ய யாராலயும் முடியும். கைய விட்டு, தலைய விட்டு, அவனே உள்ள போயி உக்காந்துகூட ஸ்குரூ முடுக்கலாம். சின்னதுலதான் வேல இருக்கு. எஸ்எம்பிஎஸ்னு ஒண்ணு உண்டு. கரண்ட வாங்கி உள்ள உள்ள சாமானுக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கிற டப்பா. செங்கல் தண்டி இருக்கும். அத வச்சா ஹார்ட் டிஸ்குக்கு எடம் இருக்காது. ஹார்ட் டிஸ்க வச்சா வயரு மடங்காது. வயர மடக்குனா ஃபேன்ல போயித் தட்டும். சின்னக் காருல சம்பந்தி வீட்டாளுக எல்லாத்தையும் ஏத்துத மாதிரி வேல அது. யாரு மடியில யாரு உக்காந்தா சண்ட வராதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

பாளையங்கோட்டையில 'கோமதி கம்ப்யூட்டர்ஸ்'னு கேட்டுப் பாருங்க, சொல்லுவாவ. கோமதி யாரு, வீட்டம்மாவான்னு கேக்காதீங்க. நான்தான். கோமதிநாயகம். போர்டுல எடம் பத்தல.

இந்தத் தொழில்ல கை நறுவிசா இருந்தா மட்டும் போதாது அண்ணாச்சி, வாயும் நறுவிசா இருக்கணும். ஒருத்தரு கம்ப்யூட்டரத் தொறந்தா அவரு வீட்டுப் பீரோவத் தொறந்த மாதிரி. உள்ள என்னென்னமோ கெடக்கும். நான் வாயே தொறக்க மாட்டேன். அதனாலதான் ஜனங்க என்னத் தேடி வாராவ. அப்பிடி இருந்தும் எனக்கு ஒரு கெட்ட பேரு வந்துட்டு பாத்துக்கிடுங்க. அதத்தான் மனசு ஆறாமச் சொல்லுதேன். கஸ்டமரு பேரு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

அந்த சாரு நெலம் அளக்கிற ஆபீஸ்ல வேல. சட்டையில கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டிருப்பாரு. சிரிச்சு நான் பாத்தது இல்ல. ஆவுடையப்பன் சாருன்னு வச்சுக்கிடுங்களேன், அவரு பேரும் அதுதான். ஒருநா பழைய பெட்சீட்டுல என்னத்தயோ கட்டித் தூக்கிட்டு வந்தாரு. அவுத்தா, மரப்பெட்டி ரேடியோ. அந்தக் காலத்து சாமான்.

"இதுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் வைக்க முடியுமா?"ன்னாரு.

"எதுக்கு சார்? சின்னதா, அழகழகா கேபினெட் வந்திருக்கே"ன்னேன்.

"வெளிய தெரியக்கூடாது."

"யாருக்கு?"

ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டாரு. "வீட்டுக்கு"ன்னாரு.

விஷயம் என்னன்னா, அவுக பையன் ப்ளஸ் டூ படிக்கையில ராத்திரி பகலா கம்ப்யூட்டர்ல கேம் வெளையாண்டு கணக்குல கோட்ட விட்டுட்டான். சாரு அந்தக் கம்ப்யூட்டரத் தூக்கிக் காயலாங்கடையில போட்டுட்டு, சாமி படத்துக்கு முன்னால நின்னு, 'இனி இந்த வீட்டு வாசப்படிய ஒரு கம்ப்யூட்டரும் தாண்டக் கூடாது'ன்னுட்டாரு. அந்தம்மாவும் 'தாண்டவே கூடாது'ன்னுட்டாவ. பையன் பெறவு தேறி, படிச்சு, இப்ப பெங்களூர்ல இருக்கான். கம்ப்யூட்டர் கம்பெனியிலதான். ஆனா சொன்ன சொல்லு அப்பிடியே நிக்கி. யாரு மொதல்ல பின்வாங்க?

எடுத்துச் செஞ்சேன். சாதாரண எஸ்எம்பிஎஸ் நுழையல. ஸ்பீக்கர் காந்தம் குறுக்க நிக்கி. "ஸ்பீக்கரக் கழட்டிரட்டா சார்?"னா, "எங்க அப்பா நியூஸ் கேட்ட ஸ்பீக்கரு, தொட்டேன்னா பாத்துக்க"ங்காரு. மெட்ராஸ்ல சொல்லி, இருக்கதுலயே சின்ன எஸ்எம்பிஎஸ் வரவழைச்சு, அதையும் சாச்சுப் படுக்க வச்சு, அதுமேல ஹார்ட் டிஸ்க உக்கார வச்சேன். ரேடியோக் குமிழத் திருகுனா கம்ப்யூட்டர் ஆன் ஆவும். ஸ்டேஷன் காட்டுத முள்ளுக்குப் பின்னால ஒரு மைக்கும் வைக்கச் சொன்னாரு. "மைக்கு எதுக்கு சார்?" "ஆபீஸ் வேல." நெலம் அளக்கிறதுக்கு மைக்கு எதுக்குன்னு நான் கேக்கல. சொன்னேன்லா, வாயத் தொறக்க மாட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு அம்மா வாராவ. கையில வயர்க்கூட, மேல அரக்கீரக் கட்டு. கீரைய எடுத்து என் டேபிள்ல வச்சிட்டு, அடியில இருந்து ஒரு டிவி ஸ்டெபிலைசர எடுக்காவ. இரும்புப் பெட்டி, முன்னால வோல்டேஜ் காட்டுத முள்ளு.

"தம்பி, இதுக்குள்ள இருக்கதத் தூரப் போட்டுட்டு ஒரு கம்ப்யூட்டர் வச்சுத் தருவியா?"

"யாருக்குத் தெரியக் கூடாதும்மா?"

"அவுகளுக்கு."

எழுதிக்கிடலாம்னு அட்ரசக் கேட்டேன். சொன்னாவ. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. ஆவுடையப்பன் சாரு வீடு! அந்தம்மா வடிவு அம்மா, சாரோட வீட்டம்மா. வாயத் தொறந்தனா? தொறக்கல. நமக்கு ரெண்டு பேரும் கஸ்டமரு.

அந்த ஸ்டெபிலைசர் வேல இருக்கே, அது என் வாழ்க்கையிலயே பெரிய வேல அண்ணாச்சி. உள்ள இருந்த செம்புக் கம்பிக் காயிலக் கழட்டி எறிஞ்சேன். எஸ்எம்பிஎஸ் நட்டக்குத்தா நின்னுட்டு. ஹார்ட் டிஸ்குக்கு எடமே இல்ல. கடைசியில பெட்டி மூடியில, உள்பக்கமா, வௌவால் மாதிரி தலைகீழாத் தொங்க விட்டேன். எல்லாம் முடிஞ்சதும் அந்தம்மா பாத்துட்டு, "முள்ளு ஆடணும் தம்பி. ஆடலன்னா அவுக என்னன்னு பாக்க வருவாவ"ன்னாவ. அதுக்குத் தனியா ஒரு வயரு இழுத்து முள்ளையும் ஆட வச்சேன். யாரு செய்வா? சொல்லுங்க.

ரெண்டையும் டிவியிலதான் சொருகிப் பாக்கணும். டிவிக்குப் பின்னால ரெண்டு ஓட்ட. மொதல் ஓட்டையில சாரு சொருகியிருப்பாரு. அதனால அந்தம்மாகிட்ட, "அம்மா, நீங்க ரெண்டாவதுலயே சொருகுங்க"ன்னேன். "மொதல்ல சொருகுனா என்ன?"ன்னாவ. "ஷாக் அடிக்கும்"னுட்டேன். எப்பிடி? அவ்வளவு பதவிசா ரகசியத்தக் காப்பாத்துனேன்.

ஸ்ரீவைகுண்டம் வந்துட்டா? நீங்க எறங்கணுமா? இல்லையா, சரி.

பல மாசம் ஓடிட்டு. டிவிக்குக் கீழ ரேடியோவும் ஸ்டெபிலைசரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு. சாரு ஆபீஸ் போனா ஸ்டெபிலைசரு ஓடும். அந்தம்மா சாயங்காலம் கோயிலுக்குப் போனா ரேடியோ பாடும். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. எனக்குத்தான் நெனச்சு நெனச்சுச் சிரிப்பாணி.

ஐப்பசியில ஒரு இடி இடிச்சு பாருங்க. பக்கத்துல எங்கயோ விழுந்து, தெருவுல பாதி வீட்டுல டிவி போச்சு. சாரு வீட்டுல எப்பிடியோ டிவி தப்பிச்சுட்டு, ரெண்டு எஸ்எம்பிஎஸ்சும் செத்துப் போச்சு. காலையில சாரு ரேடியோவத் தூக்கிட்டு வந்தாரு. அவரு அங்கிட்டுப் போகவும் அந்தம்மா ஸ்டெபிலைசரத் தூக்கிட்டு வந்தாவ. ஒருத்தர ஒருத்தர் பாக்கல.

அவசரம்னு ரெண்டு பேரும் சொன்னதால ரெண்டையும் ஒரே டேபிள்ல வச்சுத் தொறந்தேன். எடது பக்கம் ரேடியோ, வலது பக்கம் ஸ்டெபிலைசர். எஸ்எம்பிஎஸ் மாத்தணும்னா மொதல்ல ஹார்ட் டிஸ்கக் கழட்டணும். கழட்டி, நடுவுல பேப்பரு விரிச்சு, ரேடியோவுது எடது, ஸ்டெபிலைசருது வலதுன்னு வச்சேன். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, அச்சு அசலா ஒண்ணு போல. மதர்போர்டும் ரெண்டுக்கும் ஒரே ரகந்தான், மொத்தமா வாங்குனது. ஆனா நான் கண்ணும் கருத்துமா இருந்தேன். புது எஸ்எம்பிஎஸ்ச முடுக்கிட்டு, ஒரு டீயக் குடிச்சிட்டு வந்தேன். ஜன்னல் பக்கம் வெயில் அடிச்சுது. அதனால எதுத்த பக்கம் ஸ்டூலப் போட்டு உக்காந்து, வேற எதையும் தொடாம, எடது கைப் பக்கம் இருந்த ஹார்ட் டிஸ்க ரேடியோவுல வச்சேன், வலது கைப் பக்கம் இருந்தத ஸ்டெபிலைசர்ல வச்சேன். எடது எடதுதான? வலது வலதுதான? அதுல என்ன தப்பு வரும்? ஆனா இன்னைக்கு வரைக்கும் நான் மாத்தி வச்சிட்டேன்னு ஊரு சொல்லுது. இடி விழுந்தா ஹார்ட் டிஸ்குக்குள்ள என்னென்னமோ மாறும் அண்ணாச்சி. யாருக்குத் தெரியுது?

அன்னைக்கே ரெண்டு பேரும் தனித்தனியா வந்து வாங்கிட்டுப் போயிட்டாவ. மறுநா காலையில கடையத் தொறந்து சூடம் காட்டிட்டு இருக்கேன். சாரு ரேடியோவோட வந்து நிக்காரு. மொகம் கருத்துப் போயி, கழுத்துப் பித்தான் போடல.

"கோமதி, இது யாரு ஹார்ட் டிஸ்க்?"

"உங்களுதுதான் சார்."

"இதுல பூராம் ஆம்பளப் பயலுவலே! டவுசரு போட்டுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் தாவுதானுவ. ஒவ்வொரு பய பேருலயும் தனித்தனியா ஃபோல்டரு. தாவுததத் திரும்பத் திரும்ப, மெதுவா ஓடுத மாதிரி வேற வச்சிருக்கு. தொறந்தவொடனே என் மகன் மொட்ட போட்ட போட்டா வருது. அப்ப இது யாருது? சொல்லு!"

நல்லவேளையா வாசல்ல ஆளு வந்துட்டு. பாத்தா, வடிவு அம்மா. கக்கத்துல ஸ்டெபிலைசரு.

ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாவ.

"ரேடியோவா?"ன்னாவ அந்தம்மா.

"ரிப்பேரு. ஸ்டெபிலைசரா?"

"ரிப்பேரு."

நெலமைய நாமதான சமாளிக்கணும். "ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் விஷயமா வந்திருக்கியன்னு ஒருத்தர ஒருத்தர் தப்பா நெனைச்சிராதீங்க"ன்னேன். அந்தம்மா என்னயப் பாத்த பார்வ இருக்கே! நல்லது செய்யப் போனா இப்பிடித்தான்.

அதுக்குப் பெறவு அவுக யாரையும் கேக்கல. ஸ்டெபிலைசர என் மானிட்டர்ல சொருகுனாவ. முள்ளு ஆடுச்சு. அத யாரும் பாக்கல. ஒரு ஃபைலத் தட்டுனாவ. சாரு கொரலு! பழைய காதல் பாட்டு. ரெண்டு பேரு மாத்தி மாத்திப் பாடுத பாட்டு. சாரு ஆம்பளைக்கு உள்ளதப் பாடுதாரு, பெறவு சத்தமே இல்ல. 'ஸ்ஸ்'னு காத்துச் சத்தம் மட்டும். பெறவு மறுபடியும் சாரு பாடுதாரு. பெறவு மறுபடியும் 'ஸ்ஸ்'.

"நீங்க ஒறங்குன பெறவு சத்தத்தக் கொறச்சு வச்சு ராத்திரி பூராக் கேட்டேன். அம்புட்டும் காதல் பாட்டு. அம்புட்டுலயும் எடம் விட்டிருக்கு"ன்னாவ. "யாருக்கு இந்த எடம்? யாரு அவ?"

"நீ மொதல்ல சொல்லுட்டி, யாரு அந்தத் தாவுத பயலுவ?"

"நான் கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க!"

பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரரு மிஷின ஓட விட்டுட்டே இங்க வந்து நிக்காரு. சாருக்கு ஆத்திரம் தாங்கல. ரேடியோப் பெட்டிக்குப் பின்மூடி வெறுமனத்தான் சாத்தியிருந்துது. உள்ள கைய விட்டு ஹார்ட் டிஸ்கப் பிடுங்குனாரு. "இந்தக் கருமம் என் வீட்டுக்குள்ள இருக்கக்கூடாது!"ன்னு வீசுனாரு பாருங்க.

அண்ணாச்சி, அந்த ஹார்ட் டிஸ்க் உள்ள தட்டு சுத்துத ரகம். கீழ விழுந்தா அம்புட்டுதான், பொழைக்காது. நான் "ஐயோ"ன்னு கண்ண மூடிட்டேன். ஒரு சத்தத்தையும் காணும். கண்ணத் தொறந்தா, வடிவு அம்மா என் காலி அட்டப்பெட்டிக் குவியலுக்கு மேல சரிஞ்சு கெடக்காவ. ரெண்டு கையிலயும் ஹார்ட் டிஸ்க், நெஞ்சோட அணைச்ச வாக்குல. ஜெராக்ஸ்காரரு பாத்திருக்காரு. மொதல்ல கை போச்சாம், பெறவுதான் ஆளு போச்சாம்.

எந்திரிச்சாவ. சேலக் கொசுவத்தச் சரி பண்ணுனாவ. மூச்சுகூட வாங்கல.

"உங்க வலது தோளு எறங்குச்சு. அப்பவே தெரியும் எங்க வரும்னு"ன்னாவ.

சாரு வாயப் பொளந்துட்டு நிக்காரு. "எங்க படிச்ச இத?"

"காலேஜ்ல. ஃபுட்பால். நான் கோல்கீப்பர்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"பொண்ணு பாக்க வந்தப்ப, பந்து வெளையாடுத கதையெல்லாம் மாப்பிள்ள வீட்டுல பேசப்பிடாதுன்னு எங்க அப்பா சொல்லிட்டாவ. பெறவு எப்ப சொல்ல? நீங்களும் கேக்கல."

அந்தப் பயலுவ எல்லாம் கோல்கீப்பராம் அண்ணாச்சி. ஒவ்வொரு தேசத்துக்காரன். அந்தம்மா கூட வெளையாடுன ஒருத்தி இப்ப ஒரு பள்ளிக்கூடத்துல பீட்டி டீச்சரு. அவ டீமுல கோல் பிடிக்கிற புள்ளைக்குச் சொல்லிக் குடுக்க ஆளு இல்ல. அதுக்காக வடிவு அம்மா மேட்ச்சு மேட்ச்சாப் பாத்து, எவன் எப்பிடித் தாவுதான், காலு எங்க வைக்கான்னு வெட்டி வெட்டி எடுத்து அனுப்பிட்டு இருந்திருக்காவ. போன்ல செய்யலாம்னா கண்ணு தெரியல. அதுக்குத்தான் ஸ்டெபிலைசரு.

"சொன்னா நான் வேண்டாம்னா சொல்லுவேன்?"

"இந்த வயசுல எதுக்குன்னு கேப்பிய."

சாரு அப்பதான் கழுத்துப் பித்தானப் போட்டாரு. கேட்டிருப்பாருதான, அவருக்கே தெரியும்.

"இப்ப நீங்க சொல்லுங்க. அவ யாரு?"

"எவளும் இல்ல."

"அப்ப அந்த எடம்?"

"கல்யாணமான புதுசுல ஒருநா அடுப்படியில வந்து பாடுனேன். நீ சிரிச்ச. கையில இருந்த பால் செம்பக் கீழ போட்டுட்டுச் சிரிச்ச. அதுக்குப் பெறவு ஒம் முன்னால நான் வாயே தொறக்கல."

"நானா சிரிச்சேன்?"

"நீதான். கொஞ்சம் பழகிட்டுப் பாடுவோம்னுதான் இத்தன நாளா... பொம்பள பாடுத எடம் வந்தா நான் என்ன செய்ய? அதையும் நானே பாடவா? வேற எவளுக்கு விடுவேன்? ஒனக்குத்தான் விட்டேன். ஒனக்குன்னு சொன்னா அதுக்கும் சிரிப்ப."

ஜெராக்ஸ்காரரு மூக்க உறிஞ்சுதாரு. எனக்கு என்ன கவலன்னா, வெளிய நிக்கிற கூட்டத்துல ஒருத்தராவது கஸ்டமரா இருந்து, இந்தக் கூத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா?

அந்தம்மா ஸ்டூல்ல உக்காந்தாவ. ஹார்ட் டிஸ்க இன்னும் கீழ வைக்கல. "இப்பப் பாடுங்க"ன்னாவ.

"கடையிலயா?"

"பாடுங்க."

சாரு பாடுனாரு. ஐயோ அண்ணாச்சி. என் கடையில கெட்டுப்போன ஃபேன் எத்தனையோ ஓட்டிப் பாத்திருக்கேன். எல்லாம் சேந்து ஓடுனாலும் அந்தச் சத்தம் வராது. அந்தம்மா முந்தானையக் கடிச்சாவ, தல குனிஞ்சாவ, எம்புட்டோ தாங்கிப் பாத்தாவ. பெறவு பொத்துக்கிட்டு வந்துட்டு சிரிப்பு. நான் போச்சுடான்னு நெனச்சேன். பாத்தா, சாரும் சிரிக்காரு! அந்த மனுசனுக்குப் பல்லு இருக்கதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். பாட்ட மட்டும் நிப்பாட்டல. சிரிச்சுக்கிட்டே பாடுதாரு.

சரி, நல்லபடியா முடிஞ்சுதுலா? எனக்கு ஒரு நன்றி சொன்னாவளா? இல்ல. "ரெண்டு எதுக்கு, ஒண்ணு போதும். ரெண்டு ஹார்ட் டிஸ்கையும் ரேடியோக்குள்ளயே வச்சுக் குடு"ன்னுட்டாவ. ஒரு எஸ்எம்பிஎஸ்சுக்கே எடம் இல்லாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுல இன்னொரு ஹார்ட் டிஸ்கா? மறுபடியும் பிரிச்சு, போர்ட நவுத்தி, அவரு அப்பா ஸ்பீக்கருக்குக் கீழ ஒண்ணு, டயலுக்குப் பின்னால ஒண்ணுன்னு, மூச்சு விட எடம் இல்லாம வச்சு முடிச்சேன். முள்ளு ஆட வச்ச ஸ்டெபிலைசரு இப்பக் கடை மூலையில சும்மா கெடக்கு. போறப்ப அந்தம்மா, "தம்பி, இனி மாத்தி கீத்தி வச்சிராத"ன்னாவ. மாத்தி வச்சேனாம்! ஜெராக்ஸ்காரரு அதக் கேட்டுட்டு ஊரு பூராச் சொல்லிட்டாரு. அந்த ஆளு வாயி அப்பிடி. ரகசியம் தங்காது.

பெட்டியக் கொண்டு குடுத்த பெறவு ஒருநா அந்தத் தெரு வழியாப் போனேன். ஜன்னல் தொறந்து கெடக்கு. சாரு பாட்டு தெருவுக்கே கேக்கி. ஒரு நாயி எந்திரிச்சு அந்தப் பக்கம் போச்சு. பொம்பள பாடுத எடம் வந்துது. அந்தம்மாவுக்குப் பாட்டு வராது போல. "ம்... ம்... சரி, மேல பாடுங்க"ங்காவ. சாரு மேல பாடுதாரு. மறுபடியும் அந்த எடம். "ம்... சரி, சரி." அவ்வளவுதான். அத ஒரு பாட்டுன்னு உக்காந்து கேக்கவும் ஒரு மனசு வேணும்.

ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல அண்ணாச்சி. அம்புட்டு வருசம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, கூட இருக்கவ என்ன செய்யிதான்னு ஒரு மனுசனுக்குத் தெரியாம இருக்குமா? எப்பிடிப்பட்ட குருட்டு வாழ்க்க! எங்க வீட்டுல அந்தப் பேச்சுக்கே எடம் இல்ல. எம் பொண்டாட்டி மனசுல என்ன இருக்குன்னு எனக்கு அத்துபடி. இருந்தாலும் அன்னைக்கு வீட்டுக்குப் போயி, சும்மா வெளையாட்டுக்கு, "ஏட்டி, எனக்குத் தெரியாம நீ ஏதாவது வச்சிருக்கியா?"ன்னு கேட்டேன்.

சிரிச்சா. நான் கேட்டதுல என்ன சிரிப்பு இருக்குன்னு எனக்குத் தெரியல. காப்பி போடப் போனவ அடுப்படியில நின்னும் சிரிச்சா. ராத்திரி வெளக்க அணைச்ச பெறவு, இருட்டுக்குள்ள திரும்பிப் படுத்துக்கிட்டு மறுபடியும் சிரிச்சா. கட்டிலே ஆடுது.

ஒண்ணும் இல்லன்னுதான அண்ணாச்சி அதுக்கு அர்த்தம்?